கூரைக்கு மேல் தங்கிய இருமல்

நல்லமுத்து தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை செத்துப்போனார். அவருடைய இருமல் வைகாசி வரைக்கும் இருந்தது. பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்தில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாலு பக்கமும் மலை. தை, மாசியில் காற்று அசையாது. உச்சியில் வெயில் காயும்போதும் பள்ளத்தில் குளிர் தேங்கி நிற்கும், பானைக்கு மூடி போட்ட மாதிரி. லயத்து வரிசை வீடுகளின் அடுப்புப் புகை, தொழிற்சாலைப் புகை, மூச்சுவாங்கி ஏறும் பஸ்களின் புகை எல்லாம் கூரைக்குமேல் ஓர் ஆள் உயரத்தில் படுத்துக்கொள்ளும். புகைக்கே போக வழியில்லாத ஊரில் இருமல் மட்டும் எங்கே போகும்?

இருபத்திரண்டு வருடம் தொழிற்சாலை அடுப்புக்கு விறகு தள்ளிய மனிதர். கடைசிக் காலையில் மனைவி ராக்காயியிடம், "புள்ள, கொஞ்சம் சுடுதண்ணி தா" என்று கேட்டார். காலையில் பேர் பதியும் பெரட்டுக்குப் பிந்தினால் அன்றைக்குப் பேர் விழாது, கூலியும் இல்லை. "கொழுந்தத் தராசுல நிறுத்துட்டு ஓடியாந்து தர்றேங்க" என்று சொல்லிவிட்டு அவள் கூடையை மாட்டிக்கொண்டு ஓடினாள். மத்தியானம் திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. அட பாவமே, ஒரு டம்ளர் தண்ணீர்!

மூன்றாம் நாள் கூரைக்குமேல் இரண்டு இருமல் கேட்டது. பிறகு அதே குரல்: "புள்ள, கொஞ்சம் சுடுதண்ணி."

ராக்காயி ஏணி வைத்து ஏறி டம்ளரை நீட்டினாள். ஆவி மேலே எழும்ப, இருமலும் அதோடு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. பச்சைத் தண்ணீர் கொண்டுபோனாள். அது அவருக்கு வேண்டாம். கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். புகை கனத்தால் இருமல் தாழ்ந்து வந்தது. கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சியை, அந்த மிலாறை, ஊரெல்லாம் அடுப்புக்குமேல் காயப்போட்டு எரிக்கும். அவள் பனியில் நனையப்போட்டு எரித்தாள். இருமல் சாண் சாணாக இறங்கியது. முகட்டிலிருந்து கூரை விளிம்புக்கு, பங்குனியில் ஜன்னலுக்கு. வாய் உயரத்துக்கு வந்துவிட்டால் டம்ளரை அப்படியே வைத்துவிடலாம்.

"இருந்தப்பவும் எங்கள தூங்க விடல, செத்தும் விடமாட்டேங்கிறாரே மனுசன்! கொஞ்சம் மெதுவா இருமச் சொல்லுங்க மதினி" என்றார் பக்கத்து வீட்டுச் செல்லசாமி. அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது, புகையால் மட்டுமில்லை.

மகள் பிரேமினிக்கு ஒன்பது வயது. அந்தப் பங்குனியில் அவளுக்கு இழுப்பு வந்தது. "புகைய நிறுத்தும்மா, இல்லாட்டி இதுவும் அப்பன் வழியிலதான் போகும்" என்றார் டிஸ்பென்சரி ஐயா. இன்னும் ஒரே ஒரு நாள், ஒரே ஒரு நாள் என்று ராக்காயி தள்ளிப்போட்டாள்.

அந்த ஒரு நாளும் வந்தது. விடியலில் இருமல் வாசற்படியில், அவள் முகத்துக்கு நேரே நின்றது. கையில் டம்ளரோடு அவள் நெருங்கியபோது உள்ளேயிருந்தும் இருமல் கேட்டது. எது புருசனுடையது, எது பிள்ளையுடையது என்று அவளுக்குப் பிரித்தறிய முடியவில்லை. அப்படியே திரும்பிப்போய்த் தண்ணீரை அடுப்பில் ஊற்றினாள்.

"போயிருங்க. புள்ள மூச்சு விடணும்" என்றாள்.

அடுப்பு சீறி அணைந்தது. இருமல் ஆவியோடு மேலே போயிற்று. மறுநாளிலிருந்து அவள் காய்ந்த மிலாறு மட்டுமே எரித்தாள். வைகாசியில் தென்மேல் காற்று கீழே வட்டவளையில் மழையைக் கொட்டிவிட்டு மலையேறி வந்து பள்ளத்தாக்கின் மூடியைத் திறந்தது; புகையையும் இருமலையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போனது. அன்று பிரேமினி வாயை மூடி நிம்மதியாகத் தூங்கினாள்.

ஆடியில், மலைக்கு அப்பால் டயகமப் பக்கம் துணி கொண்டுபோய் விற்கும் இஸ்ஸதீன் நானா வந்து சொன்னார்: "தங்கச்சி, அங்க ஒரு இருமல் வந்து சுடுதண்ணி கேட்டிச்சாம். லெட்சுமின்னு ஒரு பொம்பள நீட்டியிருக்கா. அடிச்ச காத்துல ஆவி மேல எழும்பல. குடிச்சிட்டு அடங்கிருச்சாம்."

ராக்காயி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"சூடா இருந்துச்சாங்களா நானா?"

"நல்ல சூடாம்."

புருசன் செத்த அன்றுகூட அழாதவள், லயமே கூடும்படி அழுதாள். யாரோ ஒருத்தி கொடுத்துவிட்டாள், தான் கொடுக்கவில்லை.

அடுத்த தையிலும் புகை கூரைக்குமேல் படுத்தது. அதில் இருமல் இல்லை. ராக்காயி தினமும் காலையில் பிரேமினிக்குச் சுடுதண்ணீர் கொடுத்து, அவள் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுப் பெரட்டுக்குப் போனாள். ஏன் பிந்தினாய் என்று பேர் போடும் கண்டாக்கையா கேட்டால், "தண்ணி குடுத்துட்டு வந்தேங்க" என்பாள். போன வருடம் அவரும் அந்த இருமலைக் கேட்டவர்தான். பிந்தினாலும் பேரைப் போட்டுவிடுவார்.