மாடியிலிருந்து எடுத்த மலை

மாமனார் வீட்டைக் காலி செய்ய நான்கு நாட்கள் இருந்தன. புது வீட்டில் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். அதனால் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டிருந்தார்: மகளின் அறை ஜன்னலில் தெரியும் மலையை வரைந்து தர வேண்டும்.

மகள் என்றால் என் மனைவி. இறந்து ஏழு மாதம் ஆகிறது. கடைசி இரண்டு மாதம் அந்த அறையில்தான் படுத்திருந்தாள்.

நான் முதலில் புகைப்படக்காரன். ஆறு வருடம் ஸ்டூடியோவில் மற்றவர்களைச் சிரிக்கச் சொல்லி அலுத்துப்போய், இயற்கைக் காட்சிகள் வரைய வந்தேன். மலையைச் சிரிக்கச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பழைய பழக்கம் போகவில்லை. எதையும் முதலில் படம் எடுத்து, கட்டம் போட்டு, பிறகுதான் கேன்வாஸில் ஏற்றுவேன். இதையும் அப்படித்தான் செய்தேன்.

ஓவியத்தைக் கொண்டுபோய் சோபாவில் சாய்த்து வைத்தேன். மாமனார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு மாப்ள. ஆனா மலை என்ன, துவைச்சதுல சுருங்கிப் போச்சா?”

“வரைஞ்சு குடுத்ததே பெரிசு. இதுல நொட்டை வேற” என்றார் மாமியார், பாத்திரங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கியபடி.

“நீ சும்மா இரு. ஜன்னல் முழுக்க மலைதான் இருக்கும். இது எங்கயோ மூட்டை மாதிரி கிடக்கு. எங்க நின்னு எடுத்தீங்க?”

“மொட்டை மாடில. வைட் லென்ஸ்ல.”

அந்த லென்ஸ் எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டு, தூரத்தில் இருப்பதைச் சிறிதாக்கிவிடும். ஸ்டூடியோவில் முதல் வாரமே கற்றுக்கொண்டது. கட்டம் போடும்போதும் உறைக்கவில்லை.

“ரூமுக்குள்ள போகலையா?”

மாமியாரின் கை பாத்திரத்தோடு நின்றது.

“சரி விடுங்க, இதையே மாட்டிக்கலாம்” என்றார் மாமனார். அவர் அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்தது எனக்குப் பிடிக்கவில்லை.

“வேற வரையறேன் மாமா.”

மறுநாள் காலை கேமரா இல்லாமல் போனேன். அறைக்கதவு திறந்துதான் இருந்தது. சிறிது நேரம் வெளியே நின்றுவிட்டு உள்ளே போனேன். கட்டிலைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்திருந்தார்கள். அது கிடந்த இடத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். ஜன்னல் நிறைய மலை. உச்சி மட்டும் மேல் சட்டத்தில் மறைந்தது. எழுந்து தரையில் படுத்துப் பார்த்தேன்.

மாமனார் எட்டிப் பார்த்தார். “என்ன மாப்ள, மயக்கமா?”

“இல்ல மாமா. அவ உயரத்துல இருந்து பாக்கணும். தரை ரொம்பக் கீழ இருக்கு.”

அவர் என்னையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார். “கட்டில் போல்ட்டெல்லாம் எங்க வெச்ச?”

“எந்தப் பெட்டின்னு யாருக்குத் தெரியும்? நேத்துதானே கழட்டினீங்க?”

“திரும்பப் பூட்டணும்.”

மாமியார் முணுமுணுத்துக்கொண்டே மூன்று பெட்டிகளைப் பிரித்தார். மூன்று பேருமாகப் பூட்டி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. நான் ஏறிப் படுத்தேன். உச்சி தெரிந்தது, அடிவாரத்து வீடுகள் தெரியவில்லை. அப்படியே வரைய ஆரம்பித்தேன்.