நாலாவது ஆள்

பதுளை ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த ஹாஷிம் நாநாவின் தேத்தண்ணிக் கடையில் அந்த வாரம் பெண் கேட்க வந்தவர்களைப் போல ஒரு கூட்டம். கொஸ்லந்தையிலிருந்தும் அப்புத்தளையிலிருந்தும் வந்த கங்காணிமாரும் கணக்கப்பிள்ளைமாரும் ஆஸ்பத்திரிப் படியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தோட்டங்களில் படித்த மருத்துவிச்சி இருக்க வேண்டும் என்று சுகாதார அதிகாரிகள் துரைமாரை நெருக்கத் தொடங்கியிருந்த காலம். மலை முழுக்கத் தோட்டம். பயிற்சி முடித்து வெளியே வரும் தமிழ்ப் பெண்ணோ செங்கமலம் ஒருத்திதான்.

"வெத்தலத் தட்டு மட்டுந்தான் கொறச்சல்," என்றார் ஹாஷிம் நாநா. "மாப்பிள யாருண்டு சொல்லுங்க, பந்தலுக்கு நான் ஏற்பாடு செய்யிறன்."

எல்லோரையும் முந்திக்கொண்டு எழுந்தவர் வேலாயுதக் கங்காணி. நமுனுகுல மலைச்சரிவில் வெள்ளைப்பாறைத் தோட்டத்தின் பெரிய கங்காணி. கறுப்புக் கோட்டு, சரிகைத் தலைப்பாகை.

"தாயி, தனி வீடு தர்றோம். பாலு தர்றோம். வெறகு பொளக்க ஆளு தர்றோம். என்ன வேணும்னாலும் கேளு."

செங்கமலம் அவர் முகத்தை நிதானமாகப் பார்த்தாள். அவருக்கு அவளைத் தெரியவில்லை. கொழுந்துக் கூடை முதுகில் ஏறாத வயதில் அந்தத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டை விட்டுப் போன சிறுமியை அவர் ஏன் நினைவில் வைத்திருக்கப் போகிறார்?

அவளுக்கு எல்லாம் நினைவிருந்தது. அக்கா பூவாயிக்கு ஒரு விடியற்காலை வலி கண்டது. பிள்ளை குறுக்கே கிடந்தது. மூங்கில் கழியில் கம்பளியைத் தூளியாகக் கட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக நாலு ஆள் வேண்டும். இருவர் சுமக்க, இருவர் தோள் மாற்ற. காலைப் பெரட்டில், வேலைக்கு ஆட்கள் வரிசை கட்டி நின்ற இடத்தில், அம்மா இதே கங்காணியின் காலில் விழுந்தாள்.

"கொழுந்து முத்திப் போகுது. நாலு ஆள எப்புடி விடுறது? வேல முடிஞ்சு மலை எறங்கினப்புறம் பாப்போம்," என்றார் அவர்.

அந்தியில்தான் ஆட்களை விட்டார். பாதி வழியில், ஓடைக்கரைப் பாறையில் இளைப்பாற இறக்கியபோது அக்காவின் உடம்பு குளிர்ந்திருந்தது.

"வீடு, பாலு எதுவும் வேணாம்," என்றாள் செங்கமலம். "தூளி வேணும்னு நான் சொன்னா, பெரட்டுல நான் கைகாட்டுற நாலு பேரு அப்பவே வரணும். யாரா இருந்தாலும் சரி. இத தொரை எல்லார் முன்னாலயும் சொல்லணும்."

"அம்புட்டுதானா? யானை கேப்பேன்னு நெனச்சேன்!" கங்காணி சிரித்தார். கொஸ்லந்தைக் கணக்கப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

துரை பெரட்டில் அப்படியே சொன்னார். செங்கமலம் காத்திருந்தாள். பிரசவங்கள் சுலபமாகவே நடந்தன. ஒவ்வொரு பிள்ளையைக் குளிப்பாட்டும்போதும், இது இல்லை, இது இல்லை என்று அவளுக்குள் ஏதோ ஒன்று வாலைச் சுருட்டிப் படுத்துக்கொண்டது.

கொழுந்து பொங்கி வரும் மாதத்தில் மருதாயிக்கு வலி வந்தது. பிள்ளையின் கை முதலில் வெளியே வந்திருந்தது. டாக்டரைத் தவிர வேறு வழியில்லை. செங்கமலம் பெரட்டுக் களத்துக்கு ஓடினாள். மூடுபனிக்குள் வரிசைகள் பாதி கரைந்து நின்றன.

"தூளி வேணும்!"

"டேய் காத்தமுத்து, சின்னான்..." என்று கங்காணி தொடங்கினார்.

"நீங்க கூப்பிடாதீங்க. நான்தான் கைகாட்டணும்." வலுவான மூன்று பேரைக் காட்டினாள். பிறகு விரல் திரும்பியது. "நாலாவது, நீங்க."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"நானா? லயத்துப் பொம்பளைய நான் தூக்கணுமா? தொரை, இதப் பாருங்க..."

குதிரை மேலிருந்த துரை கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தன் அரைகுறைத் தமிழில் சொன்னார்: "நான் சொன்னது சொன்னதுதான். போ கங்காணி. அந்தப் பொம்பளை செத்தா அதிகாரிக்கு நீ பதில் சொல்லுமா?"

கோட்டைக் கழற்றிவிட்டுக் கங்காணி தோள் கொடுத்தார். இறக்கத்தில் கழி அவர் எலும்பில் ஏறி ஏறி இடித்தது.

"ஐயா, தலப்பாவ அவுத்துத் தோளுக்கு அண்டக் குடுங்க," என்றான் காத்தமுத்து. "எங்களுக்குக் காச்சுப் போச்சு. ஒங்களுக்குப் புதுத் தோளு."

ஓடையருகே கங்காணிக்கு மூச்சு இரைத்தது. "தாயி, செத்த எறக்குவோம்."

"இந்தப் பாறையிலயா? எங்க அக்காளையும் இங்கதான் எறக்கினாங்க. பூவாயி."

அவர் யோசித்தார். "பூவாயியா? எந்த லயத்துப் புள்ள?"

அவள் எத்தனையோ பதில்களை எதிர்பார்த்திருந்தாள். மறுப்பான், அழுவான், கும்பிடுவான் என்று. மறந்திருப்பான் என்று நினைக்கவே இல்லை. "தூக்குங்க," என்றாள்.

இரண்டடி வைத்ததும் கங்காணியின் கால் சறுக்கியது. தூளி சாய்ந்து மருதாயி அலறினாள்.

"அவர விட்டுருங்கக்கா!" காத்தமுத்து கத்தினான். "இவ செத்துருவா!"

கங்காணியின் தோளைக் கழியோடு சேர்த்துக் கட்டிவிடலாம் போலிருந்தது செங்கமலத்துக்கு. ஆனால் கம்பளிக்குள் முனகுவது மருதாயி. சட்டென்று கழியைத் தன் தோளில் வாங்கிக்கொண்டாள். தன் பையையும் மருதாயியின் ரத்தத் துணி மூட்டையையும் அவர் கையில் திணித்தாள்.

"இதத் தூக்கிக்கிட்டு பின்னாலயே வாங்க. நின்னுடாதீங்க."

டாக்டர் பிள்ளையைத் திருப்பி எடுத்தார். தாயும் பிழைத்தாள். செங்கமலம் அவர்களோடு ஆஸ்பத்திரியிலேயே தங்கினாள்.

கங்காணி தோட்டத்துக்குத் திரும்பித் துரையின் முன்னால் நின்றார். "தொரை, அவ இருந்தா நான் இல்ல."

"கங்காணி நெறைய இருக்கு," என்றார் துரை. "மருத்துவிச்சி எங்கே இருக்கு? நீயே போய்க் கூட்டி வா."

ஹாஷிம் நாநாவின் கடையில் மறுபடியும் அதே கூட்டம்.

"வாங்க கங்காணியார். இந்த மொற வரிசைல நீங்கதான் கடசி."

செங்கமலம் படியிறங்கி வந்தாள். கங்காணி எழுந்து நின்றார்.

"தொரை ஒன்னயக் கூட்டியாரச் சொன்னாரு, தாயி."

"வர்றேன். மருதாயியும் வர்றா. பச்சை ஒடம்பு, ஏத்தத்துல நடக்க மாட்டா. ஆள் இருக்கா?"

"காத்தமுத்து, சின்னான், வீரன் நிக்கிறானுங்க."

"மூணு பேருதானே?"

ஹாஷிம் நாநாவின் கையில் தேத்தண்ணிச் செம்பு அப்படியே நின்றது. கொஸ்லந்தைக் கணக்கப்பிள்ளை பெஞ்சியின் நுனிக்கு நகர்ந்து, அவளைத் தன் தோட்டத்துக்குக் கேட்க எழுவதற்குத் தயாரானார். கங்காணி அவரைப் பார்த்தார். பிறகு கோட்டைக் கழற்றி ஹாஷிம் நாநாவிடம் கொடுத்தார்.

மலைப்பாதை ஏறத் தொடங்கியதும் தூளிக்குள்ளிருந்து மருதாயி சொன்னாள்: "ஐயா, ஆட்டாம வாங்க. புள்ள இப்பத்தான் கண்ணசருது."

"சரி தாயி," என்றார் வேலாயுதக் கங்காணி.

செங்கமலத்துக்கு அது போதவில்லை. கங்காணியிடமிருந்து கழியை வாங்கித் தோள் மாற்ற வீரன் முன்னால் வந்தான். அவள் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அவரு வாயத் தொறந்து கேக்கட்டும்."