இரண்டாம் பக்கத்து நாலாவது பாட்டு

உமைமாவின் அலமாரியில் இருந்த இசைத்தட்டுகளில் சினிமாப் பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. எல்லாமே மேடை நாடகங்கள். நடித்தவர்களே பாடிப் பதிவு செய்தவை.

அவள் கணவர் மஜீது கப்பலில் சமையல்காரராக இருந்தவர். சி.டி. வந்த புதிதில் வெளிநாட்டுத் துறைமுகங்களில் பழைய ரிக்கார்டுகளைத் தெருவோரம் குவித்துப் போட்டிருந்தார்கள். அட்டைப் படம் அழகாயிருக்கிறதே என்று ஒன்றை வாங்கி வந்தார். உமைமாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. பிளவுஸ் தைத்தபடியே திரும்பத் திரும்பக் கேட்டு, இந்தப் பாட்டில் சண்டை, இதில் சமாதானம், இதோ இவள் பொய் சொல்கிறாள் என்று கதையைத் தானே கண்டுபிடித்துவிட்டாள். அதற்குப் பிறகு மஜீது எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் ஒரு நாடகத் தட்டோடுதான் கப்பல் ஏறினார். தமிழ்த் தட்டுகளை அவளே ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகளில் தேடிப் பிடித்தாள்.

"இந்தக் கலீஜையெல்லாம் எடைக்குப் போட்டா வூடு எவ்ளோ பெருசாவும்!" என்பார்கள் ராயபுரம் வீட்டுக்கு வரும் உறவுக்காரர்கள்.

"வூடு பெருசாவும். நான் சின்னதாயிடுவேன்" என்பாள் உமைமா.

ஒருநாள் செங்கொடி என்ற பெண் அவளைத் தேடி வந்தாள். திருவொற்றியூர்த் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்கள் சேர்ந்து நடத்தும் நாடகக் குழு அவளுடையது. ஐம்பது வருஷத்துக்கு முன் பெரம்பூர் ரயில்வே தொழிலாளர்கள் போட்ட 'உப்பளத்து மணவாட்டி'யை மறுபடி மேடையேற்றப் பார்த்தாள். வசனப் புத்தகம் கிடைத்துவிட்டது. மெட்டு தெரிந்த ஆள்தான் ஒருவரும் இல்லை.

"ஒரே ஒரு ரிக்கார்டு போட்டாங்களாங்கா. ஊரெல்லாம் தேடிட்டோம்."

உமைமா தையல் மெஷினை விட்டு எழவே இல்லை. "பச்சை அட்டை. நடுவுல உப்பு வண்டி. கீழ் வரிசைல பாரு."

செங்கொடி கையில் எடுத்ததும் கண்கள் கலங்கிவிட்டன. "ஒரு வாரம் குடுங்கக்கா, பத்திரமாக் கொண்டாந்துடறேன்."

"தட்டு வூட்டத் தாண்டாது. உங்க ஆளுங்கள இங்க இட்டுகினு வா."

ஞாயிற்றுக்கிழமை பதினோரு பேர் வந்தார்கள். ஆர்மோனியக்காரன் வெற்றி நடுக்கூடத்தில் உட்கார்ந்துகொண்டான். முதல் பக்கம் கடகடவென்று ஓடியது. இரண்டாம் பக்கத்தில் நாலாவது பாட்டு, உப்பளத்தை விட்டு வரமாட்டேன் என்று மணப்பெண் மறுக்கும் இடம். அங்கே ஊசி தாவிக் குதித்தது. நாலு வரி காணாமல் போய்க் கடைசி வரி வந்துவிட்டது.

"அந்த நாலு வரிக்கு நானே மெட்டு போட்டுக்கறேங்கா" என்றான் வெற்றி. "யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுமே!"

சொல்லிவிட்டாளே தவிர, உமைமாவுக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. ஒன்பது வருஷமாய் அந்தத் தட்டு தன்னிடம் இருக்கிறது. கீறல் என்று நினைத்து விட்டுவிட்டாள். ஒருமுறையாவது உற்றுப் பார்த்தாளா? "மூணு நாள் குடு" என்றாள் செங்கொடியிடம்.

மறுநாள் காலை வெளிச்சத்தில், ஜன்னலோரம் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தாள். கீறல் இல்லை. கடுகில் கால்வாசி அளவுக்கு ஒரு பசைத் துளி, காய்ந்து கல்லாகிக் கிடந்தது. இரும்பு ஊசி பட்டால் பாட்டு பதிந்த பள்ளம் கிழிந்துவிடும். மூங்கில் குச்சியை மயிரிழையாகச் சீவி, காய்ச்சி வடித்த நீரில் தொட்டுத் தொட்டு ஊறவைத்தாள். முப்பது வருஷம் ஜரிகை வேலை செய்த கை அது. மூன்றாம் நாள் துளி பெயர்ந்து குச்சி நுனியில் வந்தது.

ஊசியை வைத்தாள். நாலு வரியும் வந்தன. மூன்றாவது வரியில் பாடிக்கொண்டிருந்த பெண் தாங்கமாட்டாமல் சிரித்துவிட்டாள். பின்பாட்டுக்காரர்களும் கூடவே சிரித்தார்கள்.

"இன்னாங்க, இங்க வாங்க!" என்று கத்தினாள் உமைமா. மஜீது ஓடிவந்து கேட்டார். "ஏய், கெலிச்சிட்டியே!" என்றார்.

செங்கொடிக்குப் போன் போட்டு, ஒலிபெருக்கியின் பக்கத்தில் பிடித்தாள். பாட்டு முடிந்ததும் செங்கொடி கேட்டாள். "அக்கா, அந்தச் சிரிப்பு புத்தகத்துல இல்லியே?"

"எழுதினவரு எழுதல. பாடினவ சிரிச்சிகீறா. அதையும் சேத்துப் பாடச் சொல்லு."

நாடகத்தன்று ராயபுரம் மண்டபத்தில் நிற்க இடமில்லை. மீன்பிடிக் குடும்பங்கள், ரயில்வேக்காரர்கள், உமைமாவின் உறவுக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். நாலாவது பாட்டில் மணப்பெண் சிரித்தபோது மண்டபமே சேர்ந்து சிரித்தது. உமைமா மட்டும் சிரிக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

முடிந்ததும் செங்கொடி அவளை மேடைக்கு அழைத்து மைக்கைக் கையில் கொடுத்தாள்.

"நான் இன்னா சொல்றது?" என்றாள் உமைமா. "மொதல்ல பாடினவங்க பதினாலு பேரு. அவங்க பேரச் சொல்றேன்."

அட்டையைப் பார்க்காமலே, ஒரு பெயர் விடாமல் சொன்னாள். கதாநாயகி முதல் பின்பாட்டில் கடைசி ஆள் வரை ஒவ்வொரு பெயருக்கும் கூட்டம் கை தட்டியது. மேடையிலிருந்து இறங்குகையில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அடுத்த ஞாயிறு, பாட்டுக் கேட்க வேண்டும் என்று முன்பின் தெரியாத ஏழு பேர் வாசலில் வந்து நின்றார்கள். மஜீது இன்னும் இரண்டு பால் பாக்கெட் வாங்கப் புறப்பட்டார்.