வலையைக் கொடு

ஷிப்ட் முடிந்து வல்லம் வடகாலில் உள்ள எங்கள் தொழிற்சாலைப் பெண்கள் விடுதிக்கு வந்தால், எங்கள் கட்டில்களில் கொசுவலையைக் காணோம். கொசு பேட், சுருள் எதுவும் இல்லை. அத்தனையையும் வார்டன் சசிகலா அள்ளிக்கொண்டு போய்ப் பூட்டிவிட்டாளாம்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பக்கத்துக் கட்டில் சுகப்பிரியா வயிற்றில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு மூன்று மாதம். புருஷன் மறைமலை நகரில் வெல்டர். போன வருஷம் ஒன்று கலைந்துபோன பயம் வேறு. வெளியே தெரிந்தால் விடுதியிலும் இடமில்லை, தொழிற்சாலை லைனிலும் வேலையில்லை என்பதால் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

கீழே எல்லோரையும் கூப்பிட்டார்கள். முழுக்கைச் சட்டை போட்ட ஆராய்ச்சிக் கம்பெனி அதிகாரி ஒரு கண்ணாடிப் பெட்டியோடு நின்றார்.

"இது சாதாரணக் கொசு இல்லம்மா. மரபணுவ மாத்தியிருக்கோம். இதோட எச்சில்லயே டெங்கு தடுப்பு மருந்து இருக்கு. கடிச்சாப் போதும், ஊசியே வேணாம். நாளைக்கு இங்க பறக்கவிடப் போறோம்."

"யாரக் கேட்டு?" என்றேன்.

"உங்க மேனேஜ்மென்ட் சம்மதிச்சிட்டாங்க."

கடி வாங்குவது நாங்கள், சம்மதம் மேனேஜ்மென்ட்டுடையது! நல்ல நியாயம். கிட்டே போனேன். அவர் மேலிருந்து கொசுக் களிம்பு வாசனை குப்பென்று அடித்தது.

"அப்போ நீங்க எதுக்கு சார் களிம்பு தேச்சிருக்கிய?"

 அவருக்குப் பதிலாகச் சசிகலா பாய்ந்தாள். "இன்னாமே, ஓவரா பேசிக்கினே போறே? ஓசில மருந்து குடுத்தா வலிக்குதா?"

சுகப்பிரியா எழுந்தாள். "மாசமா இருக்கவியளக் கடிச்சா என்ன ஆகும் சார்?"

"அத இன்னும் சோதிக்கல. அப்படி யாராவது இருந்தா இன்னிக்கே ரூமக் காலி பண்ணிடுங்க."

"நான் மூணு மாசம். எங்கயும் போமாட்டேன். என் வலையக் குடுங்க."  சொல்லிவிட்டு உட்காரவில்லை, அப்படியே நின்றாள்.

"பைய எடுத்துக்கினு கெளம்பு," என்றாள் சசிகலா.

 நான் கத்துவதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல்: "எனக்கும் மூணு மாசம்."

உலகம்மாள்! கல்யாணம் ஆகாதவள். ஆம்பிளைகளிடம் நேரம் கேட்கக்கூடக் கூச்சப்படுகிறவள்.

"எனக்கு நாலு," என்றேன் நான். அவ்வளவுதான், வரிசையாக எழுந்தார்கள். எனக்கும், எனக்கும் என்று கூடமே அதிர்ந்தது.

"இன்னாடி எல்லாம் பொய் சொல்லிக்கினு கீறீங்க?"

"ஒவ்வொருத்தியா சோதிச்சுப் பாரு. அவள அனுப்புனா எல்லாரும் போறோம். நாளைக்கு ஒருத்தியும் கம்பெனி பஸ் ஏற மாட்டோம்," என்றேன்.

மேனேஜருக்குப் போன் போனது. லைன் நின்றுவிடும் என்று தெரிந்ததும் பூட்டு திறந்தது. சுகப்பிரியாவைப் போகச் சொல்லி யாரும் வாய் திறக்கவில்லை. கொசு விடுவது தள்ளிப்போயிருக்கிறதாம். நிறுத்திவிட்டோம் என்று சொல்லவில்லை.

அவள் கட்டிலுக்கு நானே வலை கட்டினேன். வெளியே ஊர்க்கொசு ஒன்று ரீங்காரம் போட்டுச் சுற்றியது. அதன் மேல் எனக்குக் கோபமில்லை. கேட்டுவிட்டுக் கடிக்க அதற்குத் தெரியாது. கேட்கத் தெரிந்தவர்கள் எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லையே, அதுதான் இன்னும் ஆறவில்லை.