ஒருநாளும் உள்ளே வராத பயனர்

மருத்துவமனையின் கணினிப் பொறுப்பாளர், ஆறு மாதமாக உள்நுழையாத கணக்குகளையெல்லாம் முந்தின நாள் சர்வரிலிருந்து ஒரே மூச்சில் அழித்துவிட்டு, பூமியின் பாரத்தையே பாதியாகக் குறைத்த பெருமிதத்தோடு வீட்டுக்குப் போயிருந்தாள்.

காலையில் சர்வரை அணைத்து மறுபடி போட்டதும், அதற்குள் தனித்தனிக் கணினிகளைப்போல மென்பொருளாகவே ஓடும் மெய்நிகர் கணினிகளில் ஒன்றுகூட எழவில்லை. ‘பயனரைக் காணோம்’ என்றது திரை. பத்து மணிக்கு ஒரு குழந்தைக்கு அறுவை சிகிச்சை. அதன் ரத்த அறிக்கை உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது.

“யாரைத் தூக்குன, தங்கச்சி?” என்றார் ஆய்வகக்காரர்.

“ஆளே இல்லண்ணே. இந்த மெஷின்களை ஓட்டுற மென்பொருள் தனக்குன்னு வெச்சிருந்த கணக்கு. பாஸ்வேர்டு கிடையாது, உள்ளயே வராது. ஆனா எல்லா மெஷினும் அது பேர்லதான் ஓடுது.”

“அப்ப நம்ம ஜெனரேட்டர்காரர் மாதிரி. கரண்ட் போனாதான் அவர் ஞாபகமே வரும்.”

அவள் சிரிக்கவில்லை. அதே பெயரில் புதுக் கணக்கு திறந்தாள். பெயர் ஒன்றானாலும் எண் வேறு; பழைய கோப்புகள் அதைச் சீந்தவில்லை. கோப்புகளில் ஒட்டியிருந்த பழைய அடையாள எண்ணைத் தேடியெடுத்து புதுக் கணக்குக்கும் அதையே கொடுத்ததும், மெய்நிகர் கணினிகள் ஒவ்வொன்றாக எழுந்தன. ஒன்பது ஐம்பதுக்கு அறிக்கை போனது.

அந்தக் கணக்கின் குறிப்புக் கட்டத்தில் அவள் எழுதினாள்: ‘என்ன வேலை செய்கிறது என்று கேட்காமல் கைவைக்காதே.’