புளிக்காத தொட்டி

சிட்ரிக் அமிலமென்றால் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து எடுப்பதுதானே என்று யாராவது கேட்டால் தொட்டிக்காரிக்குப் பற்றிக்கொண்டு வரும். எலுமிச்சையாம், எலுமிச்சை! ஊரெல்லாம் குடிக்கிற ஜூஸுக்கும், தொட்டுக்கொள்கிற ஜாமுக்கும், தண்ணீரில் பொங்குகிற மாத்திரைக்கும் எத்தனை தோட்டத்தைப் பிழிவது? ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும் எவர்சில்வர் தொட்டியில் சர்க்கரையைக் கரைத்து, கறுப்புப் பூஞ்சையின் வித்தைப் போட்டு, அடியிலிருந்து காற்றை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். பூஞ்சை சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கக்கும். அந்தத் தொழிற்சாலையில் தொட்டிகளெல்லாம் அவள் பொறுப்பு. பெயரும் அதனால் வந்ததுதான்.

ஆனால் கொஞ்ச நாளாகப் பாழாய்ப்போன பூஞ்சை தின்றது, கொழுத்தது, கக்குவதை மட்டும் மறந்துவிட்டது. மாதிரி எடுத்துப் பார்த்தால் கடுகுபோலச் சின்னச் சின்ன உருண்டையாக இருக்க வேண்டியது ஊறிய பஞ்சாகக் குழைந்து கிடந்தது. புளிப்பு? பேருக்குக்கூட இல்லை. ஒரு தொட்டி போனது, அடுத்ததும் போனது. உட்கார்ந்து தின்கிற தண்டச்சோற்றுப் பிள்ளையைக்கூட ஒருநாள் திட்டித் திருத்திவிடலாம், இதை என்ன சொல்லித் திருத்துவது?

"இந்தத் தொட்டியும் புளிக்கலேன்னா நொதிக்கிற வேலையையே மூடிடறேன்மா," என்றார் முதலாளி. "வெளியில அமிலத்தை வாங்கி நம்ம பையில போட்டு வித்துக்கலாம். தொட்டி ஆளுங்க எல்லாரும் பை தைக்கப் போங்க."

பை தைப்பதாவது! படித்ததும் இந்தப் பூஞ்சைக்காக, உழைத்ததும் இதற்காக. தொட்டி போனால் தனக்கு இங்கே ஒன்றுமில்லை என்பது அவளுக்குத் தெரியும். பூஞ்சையின் குணமும் தெரியும். சர்க்கரையை வாரி வாரிக் கொடுக்கலாம், ஆனால் மாங்கனீசு என்கிற உலோகம் துளி கலந்தாலும் போதும், உடம்பு வளர்க்கத் தொடங்கிவிடும். அப்புறம் அமிலமாவது ஒன்றாவது. சர்க்கரையைச் சோதித்தாள், தண்ணீரைச் சோதித்தாள். எல்லாம் சுத்தம். கடைசியில் சந்தேகம் வீட்டுக்குள்ளேயே வந்தது. அவள் கணவன் அதே தொழிற்சாலையில் குழாய், இயந்திர வேலை பார்க்கும் பிட்டர்.

"குழாய்ல மாங்கனீசு கலந்த கண்ட கம்பியை வச்சு வெல்டிங் பண்ணினீங்களா?"

"என் வேலையில குத்தம் கண்டுபிடிக்காதே, சொல்லிட்டேன்," என்று அவன் தட்டோடு எழுந்து போனான். அன்று இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை அந்தத் தொட்டியும் கைவிட்டது. பஞ்சுதான். காலியாக இருந்த பக்கத்துத் தொட்டியின் வாயைத் திறந்து விளக்கை உள்ளே காட்டினாள். சுவரில் மெல்லிய பழுப்புப் படலம். இதென்ன கறை என்று திரும்பினால், கீழே பிட்டர் ஒரு வாளியில் ஊதாத் தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருந்தான்.

"என்னங்க அது?"

"பெர்மாங்கனேட்," என்றான் பெருமையாக. "முன்னே ஒரு தடவை தொட்டியில கிருமி விழுந்துருச்சுன்னு அழுதியே. அதிலேருந்து ஒவ்வொரு தொட்டியையும் நானே இதுல கழுவிட்டுத்தான் கொடுக்கிறேன். கிருமி கிட்டவே வராது."

"அய்யோ, அது மாங்கனீசுய்யா!" அவள் தலையிலடித்துக்கொண்டாள். "எதை ஒரு துளி விடக்கூடாதுன்னு நான் தவமிருக்கேனோ அதையே வாளி வாளியா ஊத்தியிருக்கீங்களே! ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா?"

அவன் முகம் செத்துப்போனது. "உனக்காகத்தானே செஞ்சேன்," என்றான். அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் வாய் நிறையத் திட்டியாவது தீர்த்திருக்கலாம்.

அனுமதி இல்லாமல் தொட்டிக்குள் எதையாவது போட்டவனுக்கு அன்றே வாசலைக் காட்டுவது அங்கே சட்டம். அவனைச் சொன்னால் அவன் வேலை போகும். சொல்லாவிட்டால் தொட்டிகள் போகும். முதலாளி அறையில் போய் நின்று, "காரணம் தெரிஞ்சுபோச்சுங்க. கறையைக் கழுவிட்டு இன்னொரு தொட்டி ஓட்டினா புளிக்கும்," என்றாள்.

"கறை எப்படி வந்தது? யார் போட்டது?"

நானே போட்டேன் என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தாள். அதற்குள் கதவருகே, "நான்தாங்க," என்று குரல் கேட்டது. பின்னாலேயே வந்திருக்கிறான் மனிதன்! கொஞ்சம் பொறுத்திருக்கக்கூடாதா என்று அவளுக்கு அவன்மேல் கோபம் பொங்கியது.

முதலாளி இன்னொரு தொட்டிக்குச் சம்மதித்தார், சட்டத்தை மட்டும் மாற்றவில்லை. பிட்டர் சாவிகளைக் கொடுத்துவிட்டு வெளியே போனான். கறையைப் போக்க மூட்டையில் மிச்சமிருந்த சிட்ரிக் அமிலத்தையே சூடாகக் கரைத்துத் தேய்த்தாள். புது வித்து போட்டாள்.

புளித்தது. சின்னச் சின்ன உருண்டை, நல்ல அமிலம். எல்லாரும் கைதட்டினார்கள். முதலாளி, "தொட்டி இனி உன்னதும்மா," என்றார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று நினைத்துக்கொண்டே நடந்தாள்.

அவன் சமையலறையில் ஒழுகும் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டான்.

"புளிச்சிருச்சா?"

"ம்."

"எவ்வளவு நல்லா?"

"முன்னே எப்பவும் இல்லாத அளவுக்கு."

அவன் குழாயையே பார்த்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தான். "அப்போ நான் இல்லாமத்தான் அது நல்லா இருக்கும்போல."

இல்லைங்க என்று சொல்ல வாயெடுத்தாள். பொய் வரவில்லை. அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவன் கேட்காமலேயே ஸ்பேனரை எடுத்துக் கையில் கொடுத்தாள்.