ஆத்துல கேட்டுண்டு சொல்றேன்

ஷிபு கட்டைவிரல் நகத்தைக் கொடுத்து நெம்பியதும் கார் கூரையிலிருந்து வெள்ளைப் பெயின்ட் ஓர் அப்பளத் துண்டு போலக் கழன்று வந்தது. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு வெங்கடேஸ்வரனின் உள்ளங்கையில் வைத்தான். எடையே இல்லை. அதன் அடிப்பக்கம் சாம்பல் நிறத்தில், எதனுடைய உள்தோலோ போல இருந்தது.

"இனி இது நிக்காது சாமி. டாப்பு முழுக்க இப்படித்தான் வரும். நல்ல கறுப்பு ஸ்டிக்கர் ஒண்ணு ஒட்டுவோம். வெள்ள வண்டிக்கு கறுப்பு டாப்பு. இப்ப கழக்கூட்டத்துல கம்பெனி புள்ளைங்க எல்லாம் அதுதான் கேக்குறாவ."

கழக்கூட்டத்திலிருந்து நகரத்துக்கு வரும் நெடுஞ்சாலையில், ஸ்ரீகாரியத்துக்குச் சற்று முன்னால் இருந்தது அந்த நீளமான தகர ஷெட். நடுவில் ஒரு நீலத் தார்ப்பாய் தொங்கியது. இந்தப் பக்கம் களியக்காவிளைக்காரனான ஷிபுவின் ஸ்டிக்கர் கடை. அந்தப் பக்கம் திருவிதாங்கோட்டிலிருந்து வந்த யூசுப்பின் பெயின்ட் பட்டறை. ஷிபு சொல்லி முடிப்பதற்குள் தார்ப்பாய் விலகி, தாடியில் வெள்ளைத் தூள் படிந்த ஒரு முகம் எட்டிப் பார்த்தது.

"ஸ்டிக்கர்னா என்ன சாமி? புண்ணு மேல பிளாஸ்திரி. ரெண்டு வெயில் கண்டா ஓரம் கெளம்பும். உரசி, பட்டி பாத்து, பெயின்ட் அடிச்சா வண்டி உள்ள காலம் கெடக்கும்."

"பாய் பட்டி பாத்து முடிக்கதுக்குள்ள வண்டிக்கே வயசாயிரும், கேட்டியளா."

இரண்டு பேரும் பதிலுக்காக வெங்கடேஸ்வரனைப் பார்த்தார்கள். அவருக்குக் கூச்சமாக இருந்தது. ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பயன்பாட்டுக் கையேடுகளைத் திருத்துவது அவருடைய வேலை. திருத்தி அனுப்பினால் 'ஓகே' என்று ஒரு வரி வரும். சில நாட்கள் அதுவும் வராது. அவர் என்ன நினைக்கிறார் என்று ஒருவர் கேட்டே வெகுநாள் ஆகியிருந்தது. இங்கே இரண்டு பேர் கேட்கிறார்கள், அதுவும் போட்டி போட்டுக்கொண்டு. யாருக்குச் சம்மதம் சொன்னாலும் மற்றவர் முகம் சுருங்கும். அப்போதுதான் அந்தப் பழைய வாக்கியம் வாயில் வந்தது. வாசலுக்கு வந்த புடவைக்காரரையும் இன்ஷூரன்ஸ் ஏஜென்டையும் நோகாமல் திருப்பி அனுப்ப அவருடைய அப்பா சொல்வது அது.

"ஆத்துல கேட்டுண்டு சொல்றேன்."

ஷிபு விழித்தான். "ஆத்துலயா? கரமனை ஆத்துலயா?"

யூசுப் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. "லேய், அய்யருமாரு வீட்டை ஆம்னுதான் சொல்லுவாவ. வீட்டுல மாமிட்ட கேக்கணும்ங்காரு. நீ ஆத்துல எறங்கி முதலைட்ட கேட்டுட்டு வா."

"அப்படியா? செரி சாமி, மாமிட்ட கேட்டுட்டே வாங்க. ஜெஸ்லின்ட்ட கேக்காம நானும் ஒரு பனியன் வாங்கமாட்டேன்."

அப்படி ஒருத்தி இல்லை என்று சொல்லத்தான் வெங்கடேஸ்வரன் வாயெடுத்தார். ஆனால் இல்லை என்றால் ஏன் என்பார்கள். அதற்கு ஜாதகத்திலிருந்து தொடங்க வேண்டும். பிறகு அப்பாவின் பக்கவாதம், அம்மாவின் நீண்ட படுக்கை, அவர்கள் இருவரும் போன பிறகு தரகரே வருவதை நிறுத்திக்கொண்டது என்று ஒவ்வொன்றாக வரும். உரிந்த கூரை முன்னால் நின்றுகொண்டு இதையெல்லாம் யாரால் சொல்ல முடியும்? தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் காரைக் கிளப்பினார்.

வலியசாலையில் அவருடைய வீடு, இரண்டு பக்கமும் அடுத்த வீடுகளின் சுவர்களையே தன் சுவர்களாகக் கொண்ட நீண்ட குறுகிய வீடு. வலப்பக்கச் சுவருக்கு அப்பால் கோமதியம்மாள் தன் புருஷனை ஏதாவது ஒன்றுக்குக் கடிந்துகொண்டே இருப்பாள். அவரும் சளைக்காமல் முனகுவார். வெங்கடேஸ்வரனின் குக்கரில் விசில் அடிப்பது நின்று வெகுகாலமாயிற்று. கோமதியம்மாளின் குக்கர் அடிக்கிற நேரம் பார்த்து அடுப்பை ஏற்றி, அது ஓயும்போது இவரும் அணைத்துவிடுவார். சாதம் சரியாகவே வெந்திருக்கும். அன்று சாயங்காலம் அடுப்பின் முன் நின்றிருந்தபோது, "கறுப்பா, வெள்ளையா?" என்று கேட்டுவிட்டார். வாய்விட்டுத்தான். தன் குரல் அந்தச் சமையலறையில் எப்படி ஒலிக்கிறது என்பதே அவருக்கு மறந்திருந்தது. சுவருக்கு அப்பால் பேச்சு ஒரு கணம் நின்றதுபோல் தோன்றியது. அவர் குழாயைத் திறந்துவிட்டு, கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினார்.

அடுத்த சனிக்கிழமை கார் நிற்பதற்கு முன்பே ஷிபு கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு வந்தான். "மாமி என்ன சொன்னாவ?"

"கறுப்பு வேண்டாம்ங்கறா" என்றார் வெங்கடேஸ்வரன். "சூடு ஜாஸ்தியாம்."

அவருக்கு என்னவோ கறுப்புதான் பிடித்திருந்தது. வேண்டாம் என்று சொன்னால் இன்னொரு முறை வரலாம் என்பது, சொன்ன பிறகுதான் அவருக்கே புரிந்தது.

யூசுப் தார்ப்பாயை விலக்கிக்கொண்டு வந்தார். "பாத்தியா, வெவரம் உள்ள பொம்பள. சாமி, அவங்களுக்குப் பெயின்டுதான் பிடிக்கும்."

"பெயின்ட் வாசனை அவளுக்குத் தலைவலி."

"அப்படிச் சொல்லுங்க" என்று ஷிபு தொடையைத் தட்டினான்.

அப்படித்தான் அவள் வளர்ந்தாள். கர்க்கடக மாதத்து மழை விடாமல் பெய்துகொண்டிருந்த வாரங்கள் அவை. அவசரம் இல்லை, ஓணத்துக்குள் முடித்தால் போதும் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ஷிபு சாம்பல், வெள்ளி, கருநீல ஸ்டிக்கர்களில் கையகலத் துண்டுகள் வெட்டிக் கொடுத்தான். யூசுப் டப்பா மூடிகளில் பெயின்ட் அடித்துக் காயவைத்துத் தந்தார். வெங்கடேஸ்வரன் அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமையலறை ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்தார். காலையில் ஒன்று அழகாக இருக்கும், மாலையில் இன்னொன்று. வெள்ளியைப் பார்த்தால் கண் கூசுகிறது என்பாள். கருநீலம் மழையில் கறுப்பாகத்தான் தெரியும், அதற்குக் கறுப்பே தேவலை என்பாள். அலுவலகத்திலிருந்து திரும்பும் வழியில், நெரிசலில் கார் நகராத நேரங்களில், சனிக்கிழமைக்கு அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று அவர் யோசித்தபடி இருப்பார். அவளுக்கு முகம் கிடையாது. ஆனால் குரல் உண்டு, பிடிவாதம் உண்டு, கொஞ்சம் கிண்டலும் உண்டு. அவள் சொன்னதாக இவர் சொன்ன ஒன்றுக்கு யூசுப் ஒருநாள் கண்ணில் நீர் வரச் சிரித்தார். தனக்கு அப்படிப் பேச வரும் என்று வெங்கடேஸ்வரனுக்கு அதுவரை தெரியாது.

ஜெஸ்லின் ஒரு சனிக்கிழமை தேநீர் பிளாஸ்க்கோடு வந்தாள். ஷிபுவின் மனைவி. ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வந்ததும் இடுப்பில் கைவைத்து நின்று அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்கதான் அந்தச் சாமியா? இந்த மனுசன் வீட்டுக்கு வந்தா, மாமி அதச் சொன்னாவ, மாமி இதச் சொன்னாவன்னு ஒரே மாமி புராணம். அவங்க பேரு என்ன?"

"ஜெயலக்ஷ்மி" என்றார் அவர்.

ஸ்ரீவராகத்தில் ஒரு வீட்டில், பல வருஷங்களுக்கு முன்னால், கேசரித் தட்டை வைத்துவிட்டு உள்ளே போன ஒரு பெண்ணின் பெயர் அது. ஜாதகம் பொருந்தவில்லை என்று மறுநாளே சொல்லி அனுப்பிவிட்டார்கள். இப்போது அவள் எங்கேயோ யாருடைய வீட்டிலோ இருப்பாள். கேட்காமல் பிறர் பொருளை எடுத்துக்கொண்டுவிட்டவர்போல அவருக்குக் காது சூடேறியது.

"நல்ல பேரு. அடுத்த சனிக்கிழமை கூட்டிட்டு வாங்க. அவங்களே டாப்பப் பாத்து முடிவு சொல்லட்டும். ஆம்பிளைங்க மூணு பேரு சேந்தா ஒண்ணும் நடக்காது" என்றாள் ஜெஸ்லின்.

அதன் பிறகு அவர் அந்த வழியே வரவில்லை. புறவழிச் சாலையில் ஏறி, சாக்கை வழியாகச் சுற்றி வீட்டுக்குப் போனார். சனிக்கிழமைகள் மறுபடி பழைய நீளத்துக்குத் திரும்பின. ஜன்னல் விளிம்பில் துண்டுகளும் மூடிகளும் அப்படியே இருந்தன. அவளிடமிருந்துதான் ஒரு சொல்லும் வரவில்லை. பெயர் வைத்ததும் அவள் போய்விட்டாள். கூரையில் உரிந்த இடம் தோசைக்கல் அளவுக்கு அகன்று, அதன் நடுவில் செம்மண் நிறத்தில் துரு பிடிக்க ஆரம்பித்தது. அதைத் துடைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

ஒரு மத்தியானம் கைபேசியில் யூசுப் கூப்பிட்டார்.

"சாமி, ஆளையே காணல. மாமிக்கு சொகமில்லையா?"

"அப்படி ஒண்ணுமில்லை, பாய்."

"உரிஞ்ச எடத்துல தண்ணி எறங்கிரும். முடிவு எப்ப வேணும்னாலும் எடுங்க. வண்டிய மட்டும் ஷெட்டுல கொண்டு போடுங்க. நனைய வேண்டாம்."

சுகமில்லை என்று சொல்லியிருக்கலாம். பம்பாய்க்குப் போய்விட்டாள் என்றும் சொல்லியிருக்கலாம். அவளை நிறுத்திவிட ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தையைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. 'நனைய வேண்டாம்' என்றவரிடம் இனிமேலும் பொய் சொல்வதற்கும் வரவில்லை. 'சனிக்கிழமை வரேன், பாய்' என்றார். போய் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்தார். அதற்குப் பிறகு அவர்கள் முன்னால் போய் நிற்க முடியுமா என்பது தெரியவில்லை. முடியாது என்றுதான் தோன்றியது. சாமி இத்தனை நாள் நம்மை வைத்து விளையாடினாரா என்று யூசுப்பின் முகம் இறுகுவதை அவரால் இப்போதே பார்க்க முடிந்தது.

அந்தச் சனிக்கிழமையும் மழைதான். காரை ஓட்டியபடியே சொல்லிப் பார்த்துக்கொண்டார். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. நீங்கள்தான் தப்பாக எடுத்துக்கொண்டீர்கள். இல்லை, நான்தான் சொல்லாமல் விட்டேன். வண்டியை ஷெட்டுக்குள் ஏற்றி நிறுத்தியபோது ஷிபு, யூசுப், ஜெஸ்லின் மூவருமே அங்கே இருந்தார்கள். ஜெஸ்லின் குனிந்து முதலில் பார்த்தது இடப்பக்க இருக்கையைத்தான். சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்து, அதன்மேல் சலவை செய்த துண்டு ஒன்றை விரித்து வைத்திருந்தார்கள்.

"மாமி வரல்லியா?"

வெங்கடேஸ்வரன் அந்தத் துண்டைப் பார்த்தார். வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வாக்கியங்களில் ஒன்றுகூட நினைவில் இல்லை.

"இல்லை" என்றார். பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக, "ஆத்துல யாரும் இல்லை" என்றார்.

சொல்லியாகிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தார். தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"ஊருக்குப் போயிருக்காவளா?" என்றாள் ஜெஸ்லின். "ஓணம் வாற நேரத்துலயா? அய்யோ, வீடு வெறிச்சுன்னு கெடக்குமே சாமி."

அவர் நிமிர்ந்தார். "கெடக்கறது" என்றார்.

"எப்ப வருவாவ?"

"தெரியலை."

ஜெஸ்லின் அடுத்து ஏதோ கேட்கப் போனாள். யூசுப் அவளை ஒரு பார்வை பார்த்தார், அவள் நிறுத்திக்கொண்டாள். ஷிபு தரையில் கிடந்த ஒரு காகிதச் சுருளைக் காலால் ஓரமாகத் தள்ளினான். அவர்கள் என்ன நினைத்துக்கொண்டார்கள் என்பது வெங்கடேஸ்வரனுக்கு மெல்லத்தான் உறைத்தது.

"வருவாவ சாமி" என்றார் யூசுப், குரலைத் தணித்து. "எனக்க வீட்டுக்காரியும் ஒரு தடவ கோவிச்சுட்டு அவளுக்க உம்மா வீட்டுல போயி இருந்தா. ஒரு மீன் கறியப் பத்திச் சொன்ன பேச்சு, சத்தியமா. நானும் போவல்ல, அவளும் வரல்ல. பெறவு ஒருநாள் பெட்டியோட வந்து நிக்குதா. எதுக்குப் போனேன்னு அவளுக்கும் மறந்து போச்சு."

திருத்திவிடலாம். திருத்துவதுதானே அவர் தொழில். ஆனால் வீடு வெறிச்சென்று கிடக்கிறது என்றது உண்மை. எப்போது வருவாள் என்று தெரியாது என்றதும் உண்மை. இன்று கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவர் உண்மையைத்தான் சொல்லியிருந்தார். அதற்காக மூன்று பேர் தங்கள் குரலைத் தணித்துக்கொண்டு நிற்கிறார்கள். இத்தனை வருஷங்களில் இந்தக் காலி வீட்டுக்காக யாரும் அவரிடம் துக்கம் விசாரித்ததில்லை.

ஷிபுதான் பேசினான். "அப்ப ஸ்டிக்கர் மதி சாமி, அது போதும். பெயின்ட் அடிச்சா அடிச்சதுதான். இதுன்னா, மாமி வந்து பிடிக்கலைன்னு சொன்னா உரிச்சிட்டு அவங்க சொல்லுற நிறம் ஒட்டித் தாரேன்."

பெயின்ட்காரரிடமிருந்து மறுப்பு வரும் என்று வெங்கடேஸ்வரன் எதிர்பார்த்தார். யூசுப்போ, "அதுதான் செரி" என்று சொல்லி உப்புத்தாளை எடுத்துக்கொண்டார். "உரிஞ்சது மேல ஒட்டுனா ரெண்டும் சேந்து வரும். நான் உரசித் தாரேன், லேய். நீ ஒட்டு."

யூசுப் துருவை உரசி, ஈரத்தைத் துடைத்து, மேலே பிரைமர் அடித்தார். கம்பத்தில் கட்டியிருந்த ஹீட்டரின் சூட்டுக் காற்றில் அது காயும்வரை ஜெஸ்லின் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். துண்டு விரித்த நாற்காலியில் அவரையே உட்கார வைத்தாள். ஷிபு சுருள்களின் முன்னால் நின்று திரும்பிப் பார்த்தான்.

"நிறம்?"

"கறுப்பு."

"மாமி வந்தா வழக்கு பறைஞ்சு ஏசுவாவ."

"சொல்லட்டும்" என்றார் வெங்கடேஸ்வரன்.

முழுக் கூரைக்கும் ஒரே தாளாக ஷிபு வெட்டினான். அடியிலிருந்த வெள்ளைக் காகிதத்தை உரித்ததும் பசைப்பக்கம் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளத் துடித்தது. நாலு மூலைக்கும் நாலு பேர் வேண்டும். முன்னால் ஷிபுவும் யூசுப்பும், பின்னால் ஜெஸ்லினும் அவரும். காரைச் சுற்றி நின்று, கூரைக்கு ஒரு சாண் மேலே, அந்தக் கறுப்பை நான்கு பேரும் நாலு பக்கமும் இழுத்துப் பிடித்தார்கள். ஹீட்டரின் சூட்டுக் காற்று பட்டுத் தாள் இளகி, விரல்களுக்கிடையில் வெதுவெதுப்பாக ஒரு துணியைப்போல ஆகியது. அடுத்த மூலையில் ஜெஸ்லின் இழுப்பதும், எதிர்க்கோடியில் யூசுப் கொஞ்சம் தளர்த்துவதும் அவர் கைக்கு வந்து தெரிந்தன.

"விட்டுராதீங்க சாமி" என்றான் ஷிபு. "நான் சொல்லுறப்ப மட்டும் விட்டா போதும்."

மழை வலுத்தது. நெடுஞ்சாலையில் போகிற வண்டிகளின் விளக்குகள் தாளின்மேல் விழுந்து, வழுக்கி, அணைந்தன. தோள் வலிக்க ஆரம்பித்திருந்தது. வெங்கடேஸ்வரன் தன் மூலையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஷிபுவின் வாயையே பார்த்தபடி நின்றார். அவன் இன்னும் சொல்லவில்லை.